ஒரு சொல் முன்னால்

டெஸ்மண்ட் "ஏணி" என்று சொல்வதற்கு ஒரு கணம் முன்பே ஐலியின் விரல்கள் அந்தச் சொல்லை அழுத்திவிட்டன.

அவளுக்கு அது உடனே உறைக்கவில்லை. பயிற்சி ஆசிரியரான டெஸ்மண்ட் வாசித்துக்கொண்டே போனார். கூரையிலிருந்து விழுந்த ஒரு தொழிலாளியின் சாட்சியம், பயிற்சிக்காக யாரோ எழுதி வைத்தது. அதை உப்புச்சப்பில்லாத குரலில், மூச்சுவிடும் இடம்கூடத் தெரியாமல் வாசித்தார். ஜன்னலுக்கு வெளியே டுலூத் நகரத்தின் சரிவுத் தெருக்கள் ஏரியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. பிற்பகல் முடிவதற்குள் இருட்டிவிடும் டிசம்பர். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குள் தண்ணீர் முனகியது. அதன்மேல் காயப்போட்டிருந்த கையுறைகளிலிருந்து ஈரக் கம்பளி வாடை எழுந்து அறை முழுக்கத் தங்கியிருந்தது. ஐந்து பேரின் விரல்கள் ஐந்து சுருக்கெழுத்து இயந்திரங்களின் மேல் இறங்கி எழுகிற ஓசை, மெத்தைமேல் பூனை நடப்பதுபோல அவ்வளவு மெலிதாக, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு நான் கூரைக்கு ஏற எடுத்தது..." அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். கயிறு வந்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரனின் பெட்டி வந்திருக்கலாம்.

ஊகம், என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். எல்லோரும்தான் ஊகிக்கிறார்கள். ஆனால் ஊகிக்கும்போது மனம் ஒரு சின்னத் தாவு தாவும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தச் சொல்லை அவள் காதால் கேட்டாள். பிறகுதான் டெஸ்மண்ட் அதைச் சொன்னார்.

இதை நினைத்த நேரத்துக்குள் இரண்டு வாக்கியங்கள் அவளைக் கடந்து போயிருந்தன. விரல்கள் நின்றன. தேர்வும் போயிற்று.

"என்னடி, மறுபடியும் புட்டுக்கிச்சா?" பக்கத்து மேசையிலிருந்து கார்லீன் எட்டிப் பார்த்தாள். இங்கே சேர்வதற்கு முன்பு அவள் நாய்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை பார்த்தவள். "எனக்கும்தான். நாய்ங்களோட நிம்மதியா இருந்தேன். அதுங்க எதுவும் நிமிஷத்துக்கு இருநூத்தி இருபத்தஞ்சு வார்த்தை பேசல."

அதுதான் வேண்டிய வேகம். அந்த வேகத்தில் பிழையில்லாமல் எழுதினால் நீதிமன்றத்தில் பேசுவதையெல்லாம் எழுதிப் பதியும் பதிவாளர் வேலை. எழுத முடியாதவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தொடக்கத்தில் நிறைந்திருந்த அறையில் இப்போது நாற்காலிகள்தான் அதிகம்.

டெஸ்மண்ட் காகிதங்களை அடுக்கிக்கொண்டே அவளிடம் வந்தார். அவளைவிட வயதில் சிறியவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். "உங்க விரல்ல ஒரு குறையும் இல்ல, ஐலி. மனசுதான் எங்கயோ சுத்துது. கூரை, விழுந்தவன், ஐயோ பாவம்னு கதைக்குள்ள போயிடுறீங்க. ஒவ்வொரு வார்த்தையையும் உள்ளுக்குள்ள ஒரு தடவ திருப்பிச் சொல்றீங்க. அந்தக் குரலை நிறுத்துங்க. காது, விரல். நடுவுல ஆளே இருக்கக் கூடாது."

"ஆள் இல்லாம எப்படி?"

"கதவைத் தெறந்து வெச்சிட்டு நீங்க தள்ளி நின்னுக்கங்க. வர்றது அது பாட்டுக்கு வந்து போகும்."

*

ஐலியின் கணவன் வேட் இரும்புத்தாது ஏற்றிப்போகும் கப்பலில் வேலை செய்தான். ஏரி உறைந்து கப்பல்கள் கரையில் கட்டிப்போடப்படும் சில வாரங்கள் மட்டும்தான் அவன் வீட்டில் இருப்பான். பனி உடைந்ததும் போய்விடுவான். போன இலையுதிர் காலத்தில் ஒரு புயலின்போது கப்பல் தளத்தில் இழுவைக் கம்பி அறுந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றவனை அடித்துப் போட்டது. அதிலிருந்து காற்று கொஞ்சம் ஓங்கி வீசினாலும் ஐலிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அவளுக்கு நீதிமன்ற வேலை கிடைத்தால் வேட் கப்பலை விட்டுவிடுவான். அதை அவனே சொல்லியிருந்தான்: "நீ பாஸ் பண்ணு. அன்னைக்கே மூட்டையைத் தூக்கிட்டு எறங்கிடறேன்."

ஆகவே அவள் உட்கார்ந்தாள். தினமும் சாப்பாட்டு மேசையில் இயந்திரத்தை வைத்து, முதுகை நிமிர்த்தி, பாதங்களைத் தரையில் பதித்து, ஹெட்போனை மாட்டி, ஒலிப்பதிவுகளை ஓடவிட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோனது. கொலை வழக்கின் நடுவில், உலர்த்தியில் துணி கிடப்பது நினைவுக்கு வரும். விவாகரத்து வழக்கின் நடுவில், காரேஜ் கதவைச் சாத்தினோமா என்று ஐயம் வரும். ஃப்ரிட்ஜ் உறுமும், சுவர்க் கடிகாரம் டிக்கிடும், பக்கத்து வீட்டுக்காரர் பனி அள்ளும் இயந்திரத்தைக் கிளப்புவார். ஒவ்வொரு ஓசையும் அவள் மனதைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விடும்.

அவள் ஒவ்வொன்றாக நிறுத்த ஆரம்பித்தாள். கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக் குளியலறை அலமாரிக்குள் வைத்தாள். ஃப்ரிட்ஜின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பாலையும் வெண்ணெயையும் மீனையும் ஒரு பெட்டியில் போட்டுப் பின்வாசல் பனியில் புதைத்தாள். போனைக் காரிலேயே விட்டாள். கடைசியில், பயிற்சி செய்யும் நேரம் மட்டும், நிலவறையில் ஓடிய ஹீட்டரையும் அணைத்தாள். விரல் நுனி வெட்டிய கையுறைகளைப் போட்டுக்கொண்டாள். தன் மூச்சு ஆவியாவதைப் பார்த்தபடி எழுதினாள்.

அவ்வளவையும் நிறுத்திய பிறகும் வீட்டில் ஏதோ மிச்சம் இருந்தது.

முதலில் அதை ஒலிப்பதிவின் கோளாறு என்று நினைத்தாள். பழைய ஒலிநாடாவில் ஒரு பக்கத்துப் பேச்சு மறுபக்கத்தில் கசிவதுபோல, வாசிப்பவரின் குரலுக்கு அடியில் இன்னொன்று ஓடியது. ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியவில்லை. மூச்சு இல்லை, ஏற்றமும் இறக்கமும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் அது சொல்லி முடித்தது. பிறகு வாசிப்பவர் சொன்னார்.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வாசிப்பவரின் குரல் இரண்டு சிறு பஞ்சு வட்டங்களுக்குள் கொசுவைப்போல ரீங்கரித்தது. இன்னொன்று அப்படிச் சுருங்கவில்லை. அவளுடைய இடது காதுக்குச் சற்றுப் பின்னால், பக்கத்து நாற்காலியில் ஒருவர் அமர்ந்தால் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், தெளிவாக, அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தது.

திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது. மேசைக்குள் தள்ளி வைத்திருந்தபடியே இருந்தது.

ஒலிப்பதிவை நிறுத்தினாள்.

"வெள்ளிக்கிழமை," என்றது அது. பிறகு அடங்கியது.

குளிரில் வீட்டு மரம் எங்கோ நெரிந்தது. சமையலறைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. ஐலி விரலை நீட்டி ஒலிப்பதிவை மீண்டும் ஓடவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை," என்றார் வாசிப்பவர்.

எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டு கார்லீன் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் செய்தது வேறு. எத்தனையோ முறை தோற்ற கை அது. ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டது. வாசிப்பவரை விட்டுவிட்டு மற்றதைப் பின்தொடர்ந்தாள். விரல்கள் ஓடின. உறைந்த ஏரியில் சறுக்குவதுபோல ஓடின. உலர்த்தி நினைவுக்கு வரவில்லை. காற்றின் ஓசை காதில் விழவில்லை. வேட்கூட நினைவில் இல்லை. பதிவு முடிந்தபோது கன்னம் மரத்துப்போயிருந்தது. அறை முழுக்க இருட்டியிருந்தது. அவள் விளக்கே போட்டிருக்கவில்லை. ஒரு சொல்லும் தவறியிருக்கவில்லை.

அடுத்த தேர்வில் தேறினாள். டெஸ்மண்ட் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கார்லீன் அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கியே விட்டாள். "என்னத்தடி சாப்ட்ட? எனக்கும் கொஞ்சம் குடேன்!"

அந்தச் சொற்களையும் ஐலி ஏற்கெனவே கேட்டிருந்தாள்.

*

ஜனவரியில் வேட் வந்தான். தாடியும் டீசல் வாடையுமாகக் கதவில் நின்று சிரித்தான். ஃப்ரிட்ஜையும் கடிகாரத்தையும் அவளுக்கு முன்னால் மறுபடியும் ஓட வைத்தான். "பைத்தியக்காரி, பாலுக்காகப் பின்னாடி பனியைத் தோண்டச் சொல்றியே," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஓசைகள் திரும்பி வந்தன. குரல் போகவில்லை. அதற்கு இப்போது அமைதி தேவைப்படவில்லை. இயந்திரமும் தேவைப்படவில்லை. கடையில் பில் போடும் பெண் வாயைத் திறக்கும் முன்பு அவள் சொல்லப்போவது ஐலியின் இடது காதில் விழுந்தது. ஒரு சொல் முன்னால் இருந்தது, ஒரு வாக்கியம் முன்னால் போனது. பிறகு ஒரு முழுப் பதில். கூடவே குரலும் மாறியது. வேட் பேசப்போவதை வேட்டின் கரகரப்போடு சொன்னது. கார்லீன் பேசப்போவதை அவளுடைய மூக்கடைப்போடு சொன்னது. பழகிக்கொண்டிருந்தது.

ஒருவர் பேசுவதை இரண்டு முறை கேட்பது எவ்வளவு அலுப்பு என்று யாரிடம் சொல்வது? முதல் முறை கேட்டு முடித்ததும் அவளுக்குக் கால் பரபரக்கும். விரல்கள் தொடையில் தட்டும். எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கட்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். தூக்கத்திலும் விரல்கள் அசைந்தன. போர்வையின் ஓரத்தை அவை அழுத்தி அழுத்தி எழுதுவதை வேட் ஒரு விடியற்காலையில் பார்த்திருக்கிறான்.

ஒருநாள் மாலை மீன் வறுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஐலி, நான் இன்னும் கேக்கவே இல்லயே."

"என்னது?"

"உப்ப எடுத்து நீட்டுற. நான் கேக்க நெனச்சேன். இன்னும் கேக்கல."

"பழக்கம்தான். எத்தன வருஷமா உன்கூடக் குப்ப கொட்டுறேன்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "நான் பேசும்போது நீ என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குற. எனக்குப் பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி அந்தப் பக்கமே பாக்குற. ஏற்கெனவே கேட்ட கதை மாதிரி தலைய ஆட்டுற. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"களைப்பு, வேட். பயிற்சி முடியட்டும்."

"முடிஞ்சா நான் கப்பலுக்குப் போக வேண்டாம்," என்றான் அவன், அவளைச் சமாதானப்படுத்துவதுபோல.

அதை அவள் மீன் வறுக்கும்போதே கேட்டிருந்தாள்.

*

பயிற்சியின் கடைசிக் கட்டம் நீதிமன்றத்தில் நடந்தது. அரசுப் பதிவாளர் நோரீனுக்குப் பக்கத்தில் தன் இயந்திரத்தோடு அமர்ந்து, நடப்பதையெல்லாம் பழகுவதற்காக எழுத வேண்டும். நோரீன் பருத்த, அமைதியான பெண். வழக்குக்கு வழக்கு ஒரு மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொள்வாள்.

அன்றைய வழக்கு தீ விபத்து. வாடகை விடுதி ஒன்று எரிந்து, பின்கதவு திறக்காததால் உள்ளே இருந்த ஒருவர் வெளியேற முடியாமல் இறந்துபோனார். விடுதியைப் பார்த்துக்கொண்ட திருமதி வாண்டால் சாட்சி நாற்காலியில் இருந்தாள். நரைத்த கூந்தலை இழுத்துக் கட்டியிருந்தாள். கைப்பையை மடியில் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். நீதிமன்ற அறையில் மெருகு எண்ணெய், ஈரக் கோட்டுகள், பழைய காபி எல்லாம் கலந்த வாடை. மேல் ஜன்னல்களில் பனி உரசிக்கொண்டிருந்தது. புயல் வருகிறது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

"பின்கதவு அன்னைக்குப் பூட்டியிருந்துச்சா, அம்மா?" என்று கேட்டார் வக்கீல்.

அவர் கேட்பதற்கு முன்பே கேள்வி ஐலியின் விரல்களில் இருந்தது. பதிலும் வந்துவிட்டது. *நான்தான் பூட்டினேன். அவன் உள்ள இருந்தது எனக்குத் தெரியும்.* திருமதி வாண்டாலின் குரல், தளர்ந்த குரல், இடது காதுக்குப் பின்னாலிருந்து.

ஐலியின் விரல்கள் அதை எழுதவில்லை. முதல்முறையாக அவற்றை விசைகளுக்கு மேலே நிறுத்திப் பிடித்தாள். தலையைத் தூக்கி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். வேண்டாம், என்று நினைத்தாள். சொல்லாதே.

அறையில் எல்லோரும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீதிபதி காகிதத்தை. வக்கீல் ஜூரிகளை. நோரீன் எதையும் பார்க்கவில்லை. சாட்சியின் முகத்தைப் பார்த்தவள் ஐலி ஒருத்திதான்.

"நான்தான் பூட்டினேன். அவன் உள்ள இருந்தது எனக்குத் தெரியும்."

அறை ஒரே மூச்சை உள்ளிழுத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். திருமதி வாண்டால் கைப்பையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் ஒவ்வொரு முகமாகத் தாவின. "இல்ல... நான் அப்படிச் சொல்ல வரல. நான் பேசவே இல்ல. யாரு பேசினது? ஐயா, நான் பேசவே இல்ல!"

அவள் பேசியிருக்கவில்லை. ஐலி பார்த்தாள். அந்தச் சொற்கள் அறையில் ஒலித்தபோது அந்தப் பெண்ணின் உதடுகள் ஒட்டியே இருந்தன.

நடுவில் ஒலிவாங்கி இருந்தது, மறைத்திருக்கும். விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்திருக்கும். இடைவேளையில் கழிப்பறையில் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். குளிர்ந்த நீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் அது மற்றவர்கள் சொல்லப்போவதைத்தான் சொல்கிறது என்று நம்பியிருந்தாள். அது சொல்வதைத்தான் மற்றவர்கள் சொல்கிறார்கள் என்றால்?

வெளியே வந்தபோது நோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். "நேத்து வரைக்கும் ஒரு வார்த்த விடாம எழுதியிருக்க. இப்படி ஒரு காதை நான் பாத்ததில்ல. திங்கக்கிழமை வந்து சேந்துக்கன்னு உள்ள சொல்லிட்டாங்க. சந்தோஷமா இரு, பொண்ணே! ஏன் பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"எனக்கு இந்த வேலை வேண்டாம்," என்றாள் ஐலி. நோரீனின் மிட்டாய் கன்னத்தில் அசையாமல் நின்றது. ஐலி அவளுக்குப் பதில் சொல்ல நேரம் கொடுக்கவில்லை, பதிலைத்தான் கேட்டுவிட்டாளே.

*

மலைச்சரிவில் கார் இரண்டு முறை வழுக்கியது. வீடு வந்து சேர்ந்தபோது தெரு முழுக்க மின்சாரம் போயிருந்தது. சமையலறை மேசையில் ஒரு காகிதத் துண்டு: கப்பலில் குழாய் உறைந்துவிட்டதாம், போய்ப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக வேட் கிறுக்கியிருந்தான்.

இயந்திரத்தை அவள் உள்ளே கொண்டுவரவில்லை. காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள். கோட்டைக் கழற்றாமலேயே சமையலறையில் உட்கார்ந்தாள். மெழுகுவத்தி தேட வேண்டும். எழுந்தாள், மறந்தாள், உட்கார்ந்தாள். காற்று ஏரியிலிருந்து ஏறி வந்து வீட்டின் ஒவ்வொரு இடுக்கிலும் வாய் வைத்து ஊதியது. ஜன்னலில் பனி சாம்பல் நிறமாக மினுங்கியது. ஹீட்டர் நின்ற வீட்டில் வெப்பம் சுவர்கள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவதை முழங்கால்களில் உணர்ந்தாள். வேட் வரட்டும். வந்ததும் கிளம்பிவிடலாம். அவனுடைய அண்ணன் வீட்டுக்கு, எங்காவது, ஆட்கள் இருக்கும் இடத்துக்கு. போகும் வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

அப்போது அது பேச ஆரம்பித்தது.

*என்ன இது, வீடு இப்படி ஜில்லுனு கெடக்கு?* வேட்டின் குரல்.

*கரண்ட் போயிடுச்சு.* இது வேறு குரல். அவளுக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு அது எப்போதும் அந்நியமாகத்தான் இருக்கும்.

*டார்ச் எடுத்துட்டு வரேன்.*

*வேண்டாம். மேல வா, வேட். ஒரு நிமிஷம் மேல வா.*

*வரேன்.*

படிகளில் பூட்ஸ் ஓசை. ஒவ்வொரு படியாக. பிறகு வேட், மிகத் தாழ்ந்த குரலில்: *நீ ஐலி இல்ல.*

அதற்குப் பிறகு ஒரு சத்தம். எந்த விசையாலும் எழுத முடியாத சத்தம். நீளமாக. பிறகு ஒன்றுமில்லை.

ஐலி காத்திருந்தாள். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். வேட்டின் குரல் அதற்குப் பிறகு வரவே இல்லை.

காரின் விளக்குகள் ஜன்னலைத் துடைத்துவிட்டு அணைந்தன.

பின்வாசல் கதவு திறந்தது. கூடத்தில் பனியைத் தட்டி உதிர்க்கும் ஓசை. அவள் எழுந்திருக்க நினைத்தாள். சொல்லாவிட்டால் போதும், என்று நினைத்தாள். என் பங்கை நான் சொல்லாவிட்டால் இது அறுந்துவிடும். பல்லைக் கடித்தாள். இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்துக் கடித்தாள். இரத்தம் கரித்தது.

"என்ன இது, வீடு இப்படி ஜில்லுனு கெடக்கு?" என்றான் வேட்.

அவள் பேசவில்லை.

"கரண்ட் போயிடுச்சு."

மாடியிலிருந்து. அவள் குரலில்.

இருட்டில் அவனுக்கு அவளைத் தெரியவில்லை. குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். "டார்ச் எடுத்துட்டு வரேன்," என்று மேல்நோக்கிச் சொன்னான்.

வேட், என்று கத்த முயன்றாள். வாய் திறந்தது. ஓசை வரவில்லை. எழுந்து ஓட வேண்டும். முதுகு நிமிர்ந்திருந்தது. பாதங்கள் தரையில் பதிந்திருந்தன. கைகள் மேசைமேல் ஏறியிருந்தன. வெறும் மரத்தில் விரல்கள் இறங்கின, எழுந்தன. எழுதிக்கொண்டிருந்தன. மனம் எங்கும் போகவில்லை. இத்தனை மாதம் கெஞ்சியும் வராத கவனம் வந்திருந்தது. முழுசாக. அதிலிருந்து அவளால் ஒரு விரலைக்கூடப் பிடுங்க முடியவில்லை.

"வேண்டாம். மேல வா, வேட். ஒரு நிமிஷம் மேல வா."

"வரேன்."

அவளுக்கு ஒரு கை தூரத்தில் அவன் கடந்து போனான். கோட்டிலிருந்து குளிர் வீசியது. டீசல் வாடை. முதல் படி. அடுத்தது. அடுத்தது.

நின்றான்.

"நீ ஐலி இல்ல."

அந்தச் சத்தம் வந்தது. அவள் விரல்கள் அதையும் எழுதின.

பிறகு காற்று மட்டும். பிறகு காற்றும் அடங்கியது.

இதற்குமேல் அவள் எதையும் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை. விரல்கள் மேசைக்கு மேலே அந்தரத்தில் நின்றன. மாடிப்படியின் ஜன்னலில் பனி வெளிச்சம் தேங்கியிருந்தது. அதன் முன்னால் இரண்டு உருவங்கள். ஒன்று வேட்டின் உயரம். மற்றொன்று அவளுடைய உயரம். தோளோடு தோள் உரசி, கீழே பார்த்தபடி.

"ஐலி," என்றது வேட்டின் குரல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல். "நீயும் மேல வா."

அவள் உதடுகள் ஒட்டியிருந்தன.

"வரேன்," என்றது மேலே அவளுடைய குரல்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி தரையில் உரசிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.